மூன்று அடி

குளிர்காலத்தின் முதல் பனி விழுந்துவிட்டால் ஆர்டன்வில் கல்லூரியில் அன்று வகுப்பு கிடையாது. அறுநூறு பிள்ளைகளும் சாப்பாட்டுக்கூடத்துத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவற்றின் மேல் உட்கார்ந்து தேவாலயச் சரிவில் சறுக்குவார்கள். படித்து முடித்துப் போனவர்களுக்கும் அன்று ஒரு வேலை உண்டு. ஆண்டுக்கு ஒருவர், தனக்கு அடுத்த ஆண்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "சரிவுல பனி" என்று சொல்ல வேண்டும். "தட்டை எடு" என்று பதில் வரும். இப்படி ஒவ்வொருவராக இறங்கி, இருட்டுவதற்குள் இப்போது படிக்கிறவர்களை எட்டினால் கல்லூரி மணி அடிக்கும். நடுவில் அறுந்தால், அறுத்த ஆண்டின் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ஐம்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பெயரை வாசித்ததே இல்லை.

அரிசோனா வெயிலில் குடியிருக்கும் மார்சியா, 1975இல் படித்து முடித்தவள். கல்லூரி இருக்கும் அயோவாவில் பனி கொட்டுவதைக் காலையிலேயே கணினியில் பார்த்துவிட்டாள். பார்த்து என்ன பயன்? மேலே, முந்தின ஆண்டில் இருப்பவர் சொன்னால்தான் செல்லும். மேலே இருப்பவரை நாமாக அழைத்துக் கேட்கவும் கூடாது. அவளுக்கு மேலே லோயிஸ், இந்தச் சங்கிலியின் முதல் ஆள். அந்தக் காலத்தில் முதல் பனியைக் கண்டதும் கரண்டியால் தட்டில் மூன்று அடி அடித்துக் கூடத்தையே எழுப்பிவிட்டவள். அவள் ஒருநாளும் தாமதித்ததில்லை.

மணி இரண்டாகியும் லோயிஸ் அழைக்கவில்லை. ஏதோ தெரியாத எண்ணிலிருந்துதான் திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சுச் சத்தம் மட்டும்.

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு? இன்னைக்குப் பாத்தா என் உயிரை வாங்கணும்?" என்று கத்தி இரண்டு முறை துண்டித்தாள். இன்னும் தாமதித்தால் லோயிஸின் ஆண்டைத்தான் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள்.

மூன்றாவது முறையும் அதே எண். திட்ட வாயைத் திறந்தாள்.

டங். டங். டங்.

மார்சியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "லோயிஸ்?"

ஒரு பெண் தாழ்ந்த குரலில் பேசினாள். "மன்னிச்சுக்கங்க மேடம், நான் இங்க முதியோர் இல்லத்துல நர்ஸ். போன மாசம் இவங்களுக்குப் பக்கவாதம், பேச்சு போயிடுச்சு. காலையில இருந்து உங்களுக்குத்தான் அடிக்கிறாங்க. நான் பேசறேன்னா போனைப் பிடுங்கிக்கறாங்க. இப்பதான் அலமாரியில இருந்த தட்டை எடுக்கச் சொல்லிக் கை காட்டினாங்க."

வெளி ஆள் சொன்னால் செல்லாது. வாய் போன பிறகும் அதை விட்டுக்கொடுக்கவில்லை இந்தப் பிடிவாதக்காரி! மார்சியாவுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக முட்டின.

"தட்டை எடு, லோயிஸ்!" என்று கத்திவிட்டு, அடுத்து ரோஜரை அழைத்தாள். ரோஜர் எழுபத்தாறாம் ஆண்டுக்காரன். அவளை விட்டுப் பிரிந்த கணவனும்கூட. பத்தொன்பது வருடமாக இந்த ஒரு பேச்சைத் தவிர இருவருக்கும் வேறு பேச்சு இல்லை.

"சரிவுல பனி."

"இப்பவா சொல்ற? தூங்கிட்டியா?"

"லோயிஸுக்குப் பேச்சு போயிடுச்சு, ரோஜர். தட்டுல அடிச்சுச் சொன்னா."

இது செல்லாது என்று அவன் சொன்னால் எல்லாம் போயிற்று. சட்டம் பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"எத்தனை அடி?"

"மூணு."

"அப்ப அது லோயிஸேதான். தட்டை எடு. போனை வை, எனக்கு நேரமில்ல."

மார்சியா கணினி முன்னால் காத்திருந்தாள். கல்லூரியின் நேரலையில் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. பாதி இருட்டில், பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே மணி அடிக்கத் தொடங்கியது. அவள் அந்தத் தெரியாத எண்ணை அழைத்து, கைபேசியைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மணி ஓய்கிற வரைக்கும் லோயிஸ் தட்டில் அடித்துக்கொண்டே இருந்தாள்.