வாலுக்குப் பக்கத்து எலும்பு

அந்தக் காலத்தில் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கலத்தின் எலும்புகளை ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாக வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு முதுகெலும்பு. என் வீட்டுக்காரர் அதை நடைவழியிலேயே போட்டு, தினமும் அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவார்.

"கால்ல இடிக்குது, தூக்கிப் போடுங்க" என்று நான் கத்தாத நாளில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, முழுத் திமிங்கலத்தையும் கட்டி நிறுத்தப்போவதாகச் சொல்லி, அருங்காட்சியகத்தில் எலும்புகளைத் திருப்பிக் கேட்டார்கள். எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாரும் கொடுத்தார்கள். நான் மட்டும் மாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்? கொடுத்துத் தொலைத்தேன்.

திறப்பு விழாவில் எல்லாரும் தலையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நான் எங்கள் எலும்பைத் தேடி நேரே வாலுக்குப் போனேன். அங்கே ஒன்று மட்டும் வழவழவென்று மின்னியது.

சுற்றிக் காட்டும் பெண் பக்கத்தில் வந்து, "இத மட்டும் கடல் எப்படித் தேச்சிருக்கு பாருங்கம்மா!" என்றாள்.

"கடல் இல்லம்மா. எங்க வீட்டுக்காரர்."

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில், வெறும் நடைவழியை ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். ஒரு தடவை காலில் இடித்தால் தேவலை போலிருந்தது.