பிழை இல்லை

"ரிப்பேர் பண்ணவான்னு கேட்டுச்சு, எல்லாத்துக்கும் 'ஆமாம்'னு அமுக்கினேன். மொத்தமும் சரியாயிடுச்சு," என்று கணினியைத் தங்கையின் பக்கம் திருப்பினான் அண்ணன். முன்னறையில் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். தங்கை இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தொடாதே, ஒயரைப் பிடுங்கி வைன்னு போன்ல சொன்னேனா இல்லையா?"

"அம்மா குரலைக் கடைசியா ஒரு தடவை கேக்கணும்னாங்கடி. எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?"

புற்றுநோயால் அம்மாவின் குரல்வளையை எடுப்பதற்கு முந்தைய நாள் அவள் பேசியது கணினியில் செருகியிருந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது, அண்ணனின் விற்பனைக் கூட்டப் பதிவுகளோடு. தங்கை நகல் எடுக்கக் கேட்டபோதெல்லாம், "எங்க ஓடிடப் போகுது?" என்பான். நேற்று மின்சாரம் போய் வந்ததில் டிஸ்க் படுத்துவிட்டது.

டிஸ்க் பழுதுநீக்கும் மென்பொருள்களைச் சோதிப்பதுதான் தங்கையின் வேலை. வேண்டுமென்றே டிஸ்கைக் கெடுத்து, அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பாள். உள்ளே இருப்பது அம்மாவா ஆட்டுக்குட்டியா என்று அவற்றுக்குத் தெரியாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஒன்றோடொன்று முட்டக்கூடாது, அவ்வளவுதான். முட்டினால் வெட்டும், இல்லை எதனோடாவது ஒட்டும். பிறகு கூசாமல் 'பிழை இல்லை' என்று சொல்லும். அதனால்தான் முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் சொல்லி யார் கேட்டார்கள்?

"படிச்ச திமிர்ல கத்தாதே. திறந்துதான் பாரேன்."

திறந்தாள். பதிவில் அம்மா தொண்டையைச் செருமினாள். "பாப்பா, சாப்..."

"வணக்கம் நண்பர்களே! இந்த மாச இலக்கு..." அண்ணனின் குரல் கணீரென்று வந்தது.

சித்தி முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, அவ வாயைத் திறந்ததும் நீ ஆரம்பிச்சுட்டியா? எப்பவும் போல."

யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அண்ணனின் முகம் வெளுத்தது.

"மீதி எங்க?"

"வெட்டிட்டியே."

"திரும்ப வராதா?"

"அந்த இடத்து மேல வேற எதையும் எழுதியிருக்கலைன்னா துண்டு துண்டா கிடைக்கலாம். இன்னொரு கேள்வி கேட்டே, இதைத் தூக்கி உன் தலையிலயே போடுவேன்."

டிஸ்கைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினாள். எதையும் எழுதவிடாமல் முழுவதையும் நகலெடுக்கத் தொடங்கினாள். டிஸ்க் கரகரத்தது. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும்.

வாசலில் அம்மாவை எடுத்துப்போக வந்த வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "நேரமாச்சும்மா. தூக்கலாமா?" என்றார் சித்தப்பா.

"இது முடியட்டும்."

"டிரைவர் அவசரப்படுத்துறான்..."

அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அவன் எழுந்து வெளியே டிரைவரிடம் போனான்.

கொஞ்ச நேரத்தில் வண்டியின் உறுமல் நின்றது.