ஏலத்தில் போன விமானம்

என் புருஷன் செத்துப்போனார் என்று சர்க்கார் சொன்னது. இல்லை என்று என் மாமியார் சொன்னாள். செங்கல் ஊர்க் கிறிஸ்தவ சபையில் என் மாமியார் சொல்வதுதான் செல்லும்.

கனகதாஸ் யுத்தகாலத்தில் விமானப்படையில் சேர்ந்தவர். இரண்டு பேர் ஏறும் குண்டுவிமானத்தில் பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிற வேலை. நாற்பத்துநாலாம் வருஷ மழைக்காலத்தில் அந்த விமானம் கடலுக்கு மேலே காணாமல் போயிற்று. எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மறு வருஷம், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று காகிதம் வந்தது.

"கருதுகதுக்கு இவனுவ ஆரு?" என்றாள் மாமியார் சுகிர்தபாய். "எனக்க பிள்ள ஜப்பான்காரன்கிட்ட மாட்டியிருக்கான். வருவான்."

அதன்பின் நான் விதவையும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அவளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். பத்து வருஷம் அப்படியே போயிற்று.

அமரவிளையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஈசாக் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். மனைவியை இழந்தவர். யுத்தத்தில் விமானங்களுக்குத் தகடு அடித்தவர். எனக்குச் சம்மதம். இதைச் சொல்ல நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஆனால் சபை மூப்பர் ஞானசிகாமணி கையை விரித்தார்.

"பெத்த தாய், மகன் உயிரோட இருக்கான்னு சொல்லும்போ நாங்க எப்பிடி டீச்சரே வேற கல்யாணம் நடத்துகது? ஒண்ணு அவ சம்மதிக்கணும். இல்லேண்ணா அவன் செத்ததுக்கு ஒரு தும்பு வேணும்."

தும்பு எங்கள் ஊர் வீடுகளிலேயே சிதறிக் கிடந்தது. அதே மழைக்காலத்தில் காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே ஒரு விமானம் கடலில் விழுந்தது. பட்டாளக்காரர்கள் வந்து எஞ்சினையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகும் அலை பல நாள் தகடுகளைக் கரையில் தள்ளியது. அதை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில் என்று தண்டோரா போட்டார்கள். நம் ஆட்களுக்கா வழி தெரியாது? அத்தனையையும் கொண்டுவந்து அறுப்பின் பண்டிகையில் கர்த்தருக்குக் காணிக்கையாக வைத்தார்கள். சேனை, வாழைக்குலை, பூவன்கோழி, நடுவில் விமானம். பிறகு வழக்கம்போல ஏலம் நடந்தது. கொடுத்தவர்களே காசு கொடுத்துத் திரும்ப எடுத்தார்கள். சபை ஏலத்தில் எடுத்த பொருளை எந்தப் பட்டாளம் கேட்கும்? கர்த்தரைக் கள்ளச்சரக்குக்குக் காவல் வைத்த சபை எங்கள் சபை.

அப்போது எனக்கு அது வெறும் தகரம். அவர் காணாமல் போன செய்தி கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் வந்தது. அதற்குப் பிறகும் அவர் வடக்கே எங்கோ விழுந்திருப்பார் என்றே நினைத்தோம். பத்து வருஷம் கழித்து ஈசாக்தான் கேட்டார். "டீச்சரே, அந்த மழைக்கு அவரு பறந்தது இந்தக் கடல்மேலயா இருந்தா?"

விமானப்படைக்கு எழுதிக் கேட்டு அவருடைய விமானத்தின் எண்ணை வாங்கினோம். அந்த எண் எங்காவது ஒரு தகட்டில் அச்சடித்திருக்கும் என்றார் ஈசாக். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் அது நெல்லுப்பெட்டிக்கு மூடி. இன்னொரு வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கூரை. ஈசாக் ஆணித்தலையைத் தடவிப் பார்ப்பார். தட்டையாக இருந்தால் வெளித்தகடு, உருண்டையாக இருந்தால் உள்தகடு. பிறகு விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைப்பார். கீறலுக்குள் கரி தங்கும், எழுத்து இருந்தால் தெரியும். ஆனால் எங்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாத் தகடும் கண்ணாடிபோல் இருந்தது.

"அழுக்கோட காணிக்க வைக்கப்பிடாதுல்லா?" என்றார்கள் எல்லா வீட்டிலும். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். பெண்கள் சங்கத்தின் தலைவி என் மாமியார். காணிக்கையில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் ஏலத்துக்கு முந்தின நாள் அவளே உட்கார்ந்து தேய்ப்பாள்.

கடைசியில் காஞ்சிரங்குளத்தில் செல்லபாய் வீட்டு ஆட்டுக்கூட்டில் ஒரு தகடு கிடைத்தது. ஒரு ஓரத்தில் பச்சைப் பெயின்ட்கூடப் போகவில்லை. உருண்டை ஆணி, தோட்டாப் பட்டை ஓடுகிற வளையம்.

"பின்னால இருக்கியவருக்க பக்கத்துத் தகடாக்கும் இது," என்றார் ஈசாக்.

தகடு முழுக்கப் பெயின்ட் அங்கங்கே இருந்தது. ஒரு சாண் இடத்தில் மட்டும் செங்கல் போட்டுத் தேய்த்த வரிகள், குறுக்கும் நெடுக்குமாக. அங்கே கரியைப் பூசித் துடைத்தார். எண் வரவில்லை. தமிழ் வந்தது. 'கனகதாஸ்'. எங்கள் பக்கத்தில் சருவமோ செம்போ, எந்தப் பாத்திரத்தையும் பேர் வெட்டாமல் புழங்க மாட்டோம். அந்த மனுஷன் சர்க்கார் விமானத்திலும் ஆணியால் பேர் வெட்டியிருக்கிறார். அவர் எழுதும் கோணல் 'க'தான். நான் ஆட்டுப்புழுக்கையில் உட்கார்ந்து அழுதேன். பத்து வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அழ ஒரு காரணம் கிடைத்தது.

"இதை ஏன் இப்பிடித் தேச்சிய?" என்று செல்லபாயிடம் கேட்டார் ஈசாக்.

"நான் தொடல்ல. ஏலத்துல எடுக்கும்போதே இப்பிடித்தான். தேச்சது டீச்சருக்க மாமியில்லியா?"

எழுத்தறிவில்லாதவள் என்றால் மன்னித்திருப்பேன். என் மாமியார் வேதப்புத்தகத்தை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல்வரை வாசித்தவள்.

கரியைத் துடைக்காமல் அப்படியே ஞானசிகாமணியிடம் காட்டுவதென்று முடிவு செய்தோம். ஈசாக் தகட்டைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டார். நான் பஸ்ஸில் வந்தேன். அது தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்கச் சொன்ன எல்லைப் போராட்டம் கொதித்த ஆகஸ்டு மாதம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்த வாரம். தமிழ் பேசினாலே அடி விழுந்தது. வழியில் ஈசாக்கைப் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். பலகைபோல ஒரு தகடு, அதில் கறுப்பில் தமிழ் எழுத்து.

"எந்தாடா இது? சமரத்தின்றெ போர்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார்கள், போராட்டப் பலகையென்று நினைத்து.

"ஒரு மரிச்ச ஆளுடெ பேராணு சாரே," என்றாராம் ஈசாக்.

செத்த ஒருவரின் பேர் என்று உண்மையைச் சொன்னார். அதுதான் வினையாயிற்று. அந்த வாரம் செத்தவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியும். சுடப்பட்டவனின் பேரை ஊர் ஊராகக் காட்டி ஆள் திரட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஈசாக்கின் இடதுகை விரல்களை லத்தியால் நொறுக்கி லாரியில் ஏற்றினார்கள். தகட்டைச் சக்கரத்துக்கடியில் போட்டு நெளித்து, அதையும் கொண்டுபோனார்கள்.

பார்த்தவர்கள் வந்து சொன்னதும் வீட்டுக்கு ஓடினேன். மாமியார் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தகட்டையும் பேரையும் ஈசாக்கையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தகடு இப்பம் எங்க?"

"போலீஸ் கொண்டுபோச்சு."

"செரி," என்று மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.

நான் வெட்டுகத்தியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். "உங்களுக்குத் தெரியும். பேரை வாசிச்சுட்டுத் தேச்சிய."

"தேச்சேன். அண்ணைக்கே கெணத்தங்கரையில இருந்து நெஞ்சு வெடிக்க அழுதேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்த."

"மூப்பர்கிட்ட வந்து சொல்லுங்க. இப்பமே வாருங்க."

"மாட்டேன். அவன் போனான். நீயும் போனா எனக்கு ஆரு உண்டு மக்கா?"

அவள் மகனுக்காக மறைத்திருந்தால், தாயின் பைத்தியம் என்று தாங்கியிருப்பேன். எனக்காக மறைத்திருக்கிறாள். ஒரு வேலைக்காரி ஓடிவிடாமல் இருக்கப் பத்து வருஷம் செத்த பிள்ளையை உயிரோடு வைத்திருந்தாள். மூப்பரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "இவளுக்கு ஆம்பளப் பைத்தியம்," என்றாள்.

ஈசாக் மறு வருஷம் வெளியே வந்தார். விரல்கள் மடங்கவில்லை. சைக்கிள் கடையை விட்டுவிட்டுக் குழித்துறைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அதற்குள் மாமியாருக்குக் கண் மங்கி, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

"சபையும் வேண்டாம், மூப்பனும் வேண்டாம். ரிஜிஸ்தர் பண்ணலாம். இப்பிடியே வாறியளா?"

மாமியாரைச் சபிக்காத நாள் எனக்கு ஒன்றுகூட இருந்ததில்லை. இருந்தும் என் வாயில் வந்தது இதுதான்.

"அவியளுக்கு ஆரு உண்டு?"

ஈசாக் போய்விட்டார். அடுத்த வருஷம் எல்லை போட்டார்கள். குழித்துறை மதராஸுக்குப் போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றோம். அவள் இன்னும் சாகவில்லை.