தொவச்சுப் போட்டுக்கலாம்

…திங்கட்கிழமை போட்ட யூனிஃபார்மைச் செவ்வாய்க்கிழமை காலையில் துவைத்துக் காயப்போட்டுவிடலாம், அதில் வில்லங்கம் இல்லை, செவ்வாய்க்கிழமை போட்டதுதான் சங்கடம், பிள்ளைகள் சாயங்காலம் நாலரைக்கு வந்து கழற்றுவதற்குள் வெயில் இறங்கிவிடும், மறுநாள் மாடிக்கொடி பக்கத்து வீட்டுக்காரர்களின் முறை, லைன் வீடு நாலுக்கும் ஒரே மொட்டை மாடி, ஒரே கொடி, இளவேனில் வீட்டுக்குச் செவ்வாயும் சனியும்தான் என்று வீட்டு ஓனரம்மா பழைய காலண்டர் அட்டையில் எழுதிப் படிக்கட்டில் தொங்கவிட்டிருக்கிறாள், அப்படியானால் அந்தச் சட்டை வெள்ளிக்கிழமைக்குள் எங்கே காயும்… ஃபேனுக்கு அடியில்தான், ஈர வாடையோடு, ஆனி ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் ஃபேனும் கைவிட்டுவிடும், கொடி இருக்கும்போது வெயிலைக் காணோம், வெயில் இருக்கும்போது கொடியைக் காணோம். புதன்கிழமைக்கு மட்டும் கலர் டி-ஷர்ட், அதையாவது கர்த்தர் கிருபையால் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஆக, வாரத்தில் நாலு நாள், ரெண்டு பிள்ளைகள். இளவேனில் இந்தக் கணக்கை நாலு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னும் விடை வரவில்லை, கையில் டோக்கன் மட்டும் வந்திருக்கிறது, எண்பத்து நாலு.

ஒப்பணக்கார வீதியை ஒட்டிய சந்துக்குள் யூனிஃபார்ம் கடை, முதல் மாடி, மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, கோயமுத்தூரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் இன்றைக்குத்தான் கிளம்பி வந்ததுபோல் ஒரு கூட்டம். புருஷன் பிரவின்குமார் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் கீழேயே வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். முதல் வகுப்புக்குப் போகப்போகும் ஆல்வின் டோக்கனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிறான், எல்.கே.ஜி. சேரப்போகும் ரித்திகா இவள் தொடையில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருக்கிறாள். கவுண்டரில் பாலுசாமி என்று பெயர் அட்டை குத்திய ஒரு பெரியவர், கழுத்தில் டேப்பு, முப்பது வருஷமாக இதே வேலை என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிகிறது. அவர் ஆளைப் பார்த்ததும் எத்தனை செட்டு என்று கேட்பதில்லை. ஒவ்வொரு அம்மாவிடமும் முதலில், "ஏனுங்க அம்மணி, வேலைக்குப் போறீங்களா, ஊட்ல இருக்கீங்களா?" என்கிறார். ஊட்ல என்றால் உள்ளே திரும்பி, "ரெண்டு!" என்று ஒரு சத்தம். வேலைக்கு என்றால், "நாலு!" அவ்வளவுதான், யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, அவருடைய கணக்கு யாருக்கும் தப்பியதில்லைபோல. எழுபத்தொன்பது வேலைக்கு, நாலு. எண்பது ஊட்ல, ரெண்டு. இன்னும் மூணு பேர், அப்புறம் இந்த மனிதர் இளவேனிலைப் பார்த்து அதைத்தான் கேட்பார், அவள் இன்னும் யாருக்கும் சொல்லாத ஒன்றை, கட்டியவனுக்கே சொல்லாத ஒன்றை, டேப்பு மாட்டிய ஒரு அன்னியருக்குச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஹுமேரா போன் பண்ணினாள். லேப் டெக்னீசியன் கோர்ஸில் இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது சரவணம்பட்டியில் ஒரு லேப்புக்கு இன்சார்ஜ். "ஏன்டி, ஒரு எடம் காலியாயிருக்கு. காலைல ஆறரைக்கு வந்தா ரெண்டு மணிக்கு உட்டுருவேன், ஞாயித்துக்கெழம லீவு. சனிக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்குள்ள சொல்லீரு, அதுக்குமேல என்னால புடிச்சு வெக்க முடியாது." அன்றிலிருந்துதான் இந்தத் துவைக்கிற கணக்கு. வேலைக்குப் போவதா என்று ஒரு தடவைகூட அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, எத்தனை செட்டு என்றுதான் கேட்டுக்கொள்கிறாள், என்ன புத்தி இது… ஆறு மணிக்கு பஸ் ஏறினால் காலையில் கொடிப் பக்கமே போக முடியாது, சனிக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சாகத்தான் துவைக்க முடியும், ஞாயிறு சர்ச்சிலும் அத்தை வீட்டுச் சாப்பாட்டிலும் போய்விடும், அதனால் நாலு நாளைக்கு நாலு, ஒருத்தருக்கு. ரெண்டு எடுத்தால் தினமும் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். ரெண்டு என்றால் ஹுமேராவுக்கு இல்லை என்று சொல்லியாயிற்று, வேறு பேச்சே தேவையில்லை. அதுசரி, லேப் வேலையை விட்டு ஏழு வருஷம் ஆயிற்றே, இந்தக் கைக்கு இன்னும் வேலை தெரியுமா? அப்போதெல்லாம் ரத்தம் எடுக்கக் குண்டான கையில்கூட ஒரே தடவலில் நரம்பைப் பிடித்துவிடுவாள், சர்க்கரை நோயாளிக் கிழவர்கள் அந்தப் பாப்பாவை வரச்சொல்லுங்க என்று அடம்பிடிப்பார்கள். இளவேனில் குனிந்து, தூங்குகிற ரித்திகாவின் முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்க்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. நடு விரலை வைக்கிறாள்… இருக்கிறது, இருக்கிறதா, அல்லது தன் விரலின் துடிப்பா. குழந்தை கையை உதறிக்கொண்டது.

காலையில் தோசைக்கும் சட்னிக்கும் நடுவில் பிரவின்குமாரிடம் எத்தனை எடுக்கட்டுமுங்க என்று கேட்டாள், அவன் வாயிலிருந்து வருவதைப் பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவன் தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல், "ரெண்டு போதும் புள்ள, தொவச்சுப் போட்டுக்கலாம்" என்றான். தப்பாகச் சொல்லவில்லை, கெட்ட மனுஷன் இல்லை, பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் லேத்தில் நின்றுவிட்டு வருகிறவன், வந்ததும் ஆல்வினைத் தோளில் ஏற்றிக்கொள்கிறவன். ஆனால் அந்த வார்த்தை அவளை விடவில்லை. தொவச்சுப் போட்டுக்கலாம். யார்? துவைப்பது ஒருத்தி, போட்டுக்கொள்வது வேறு ரெண்டு பேர், சொல்கிறபோது எல்லாம் ஒரே ஆள் செய்கிறது மாதிரி, இன்னும் சொன்னால் ஆளே இல்லாமல் தானாக நடக்கிறது மாதிரி… தின்னுபோட்டு, குளிச்சுப்போட்டு, போயிப்போட்டு என்று எதற்கெடுத்தாலும் ஒரு போட்டு போடுகிற ஊர் இது, அவளும் தாராபுரத்துக்காரிதான், அவள் வாயிலும் அதேதான் வரும், அந்தப் போட்டில் எத்தனை பக்கெட் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள். போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி ரெண்டு மாதத்தில் பழுத்துவிடும், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை, குடத்தில் எண்ணி வைத்தது. வாஷிங் மெஷின் இருக்கிறது, இல்லாமலென்ன, கல்யாணத்துக்கு அப்பா வேலுமணி வாங்கிக் கொடுத்தது, உப்பு ஏறி டியூப் அடைத்து இப்போது அதன்மேல் அரிசி டப்பா இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டும், அப்போதே தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஹுமேரா கூப்பிட்டாளுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரிங்க என்றுதான் சொன்னாள்.

மூணு எடுத்தால் என்ன? மூணு… அது ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில், யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல். போன வருஷம் அப்படித்தான் ஆல்வினுக்கு மூணு எடுத்தாள், வளர்கிற பிள்ளை என்று ரெண்டு சைஸ் பெரிசாக வேறு, வருஷம் பூராவும் அவன் அப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது மாதிரி போனான், கடைசியில் சட்டை உடம்புக்குச் சரியாக வந்த மாதம் பள்ளிக்கூடத்தில் கட்டத்தை மாற்றிவிட்டார்கள், நீலக் கட்டம் போய்ப் பச்சைக் கட்டம், தங்கச்சிக்குக்கூட ஆகவில்லை, ஒன்று அலமாரியில் பிரிக்காமலேயே கிடக்கிறது. மூணு என்பது முடிவெடுக்கத் தெரியாதவர்கள் எடுக்கிற எண்ணிக்கை. இந்தப் பாலுசாமியின் கணக்கில் மூணே கிடையாது, அவர் எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார். "எம்பத்தி மூணு!" அந்தப் பெண் இவள் வயதுதான், தோளில் ஆபீஸ் பை, கேட்பதற்கு முன்பே "வேலைக்குங்க" என்றாள், எவ்வளவு லேசாக வருகிறது அந்த ஒரு சொல். இளவேனில் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வேலைக்குங்க. வேலைக்குப் போறனுங்க. போகப்போறனுங்க. இன்னும் போகவில்லை, அது பொய்யாகிவிடாதா, கீழே இருக்கிறவனுக்குத் தெரியாமல் மேலே ஒரு பொய். ஊட்ல இருக்கனுங்க என்பது மட்டும் முழு உண்மையா? சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் உண்மை. அலுப்பாக இருந்தது, கால் வலியைவிடப் பெரிய அலுப்பு, யாராவது ஒருவர் அவளுக்காக எண்ணைச் சொல்லிவிட்டால் போய் உட்கார்ந்துவிடலாம் என்கிற அலுப்பு.

"எம்பத்தி நாலு!" ஆல்வின் டோக்கனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். பாலுசாமி அவனைத் திருப்பி நிறுத்தித் தோளை அளந்தார், ரித்திகாவை மேஜைமேல் ஏற்றி இடுப்பை அளந்தார், சீட்டில் எழுதினார். இளவேனில் வாயைத் திறந்து தயாராக நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார், உள்ளே திரும்பி, "இருவத்தாறு ரெண்டு, இருவது ரெண்டு!" என்றார். கேட்கவே இல்லை. அவள்தானே கேட்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தாள், கேட்காமல் விட்டதற்கு எதற்குக் கண் கரிக்கிறது… "ஏனுங்க, எல்லார்த்தையும் கேட்டீங்க. என்னையக் கேக்கலீங்களே?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாலுசாமி சிரித்தார், இளக்காரமான சிரிப்பு இல்லை, அதனால்தான் அது இன்னும் சுட்டது. "கேக்கோணுங்களா அம்மணி? கையப் பாத்தாலே தெரியுதுங்களே. சோப்பும் உப்புத் தண்ணியும் தின்ன வெரலு. எங்கூட்லயும் இதே கைதானுங்க." இளவேனில் தன் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் வெளுத்து, ஓரம் ஓரமாகத் தோல் உரிந்து, ஆள்காட்டி விரல் நுனியில் குறுக்கே ஒரு வெடிப்பு, நரம்பு தட்டுப்படாததற்கு அதுதான் காரணமாக இருக்கும், ஏழு வருஷமல்ல, வெடிப்புத்தான், தேங்காயெண்ணெய் போட்டால் சரியாகிவிடும். "நாலுங்க" என்றாள். "ஆளுக்கு நாலு." "வேலைக்குப் போறீங்களாங்க?" "போவோணுங்க." அது போகிறேன் என்பதா, போக ஆசை என்பதா, அவளுக்கே தெரியவில்லை, பாலுசாமிக்கு அது போதுமாக இருந்தது. "நாலு! ரெண்டும் நாலு!"

எட்டு செட்டும் மேஜைமேல் வந்து விழுந்தபோது பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால், கீழ்த் தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைக் கோட்டுகள் அடுக்கியிருப்பதைக் கண்டாள். ஹுமேரா கடைசியாகச் சொன்னாளே, கோட்டு நீயே எடுத்துட்டு வந்துரு என்று. நாலு நாள், மாடிக்கொடி, சாரல், உப்புத் தண்ணீர், சட்டைக் காலர் வரைக்கும் எண்ணியவள், இதை ஒரு தடவைகூட எண்ணவில்லை, தனக்கும் ஒரு யூனிஃபார்ம் உண்டு என்பது நாலு நாளில் ஒரு நிமிஷம்கூட ஞாபகம் வரவில்லை. "அந்தக் கோட்டு… லேடீஸுக்கு இருக்குங்களா?" "இருக்குதுங்க. சைஸ் சொல்லுங்க." ஆல்வினுக்கு இருபத்தாறு, ரித்திகாவுக்கு இருபது, புருஷனுக்கு நாற்பது, தனக்கு… நைட்டிக்கும் தைக்கிற ஜாக்கெட்டுக்கும் சைஸ் ஏது. பாலுசாமி தயங்கிவிட்டுக் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நீங்களே அளந்துக்குங்க அம்மணி." அத்தனை பேருக்கு நடுவில் திரும்பி நின்று டேப்பை மார்பைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் அடித்தது. ரித்திகா எடுத்துக் காதில் வைத்தாள். "அம்மா, எல்லாம் ஆச்சானு அப்பா கேக்கறாங்க." ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. சொன்னால் அவன் வேண்டாம் என்று சொல்லமாட்டான், அவளுக்குத் தெரியும், சத்தம் போடமாட்டான், முகம்கூடச் சுருங்காது. அதுக்கென்ன புள்ள, போ, பாத்துக்கலாம் என்பான். பாத்துக்கலாம்… யார் என்று அதிலும் இருக்காது, வேலைக்குப் போய்விட்டு வந்தாலும் பக்கெட் அவள் கையில்தான். நாலு நாளாக அவன் இல்லை என்றுவிடுவானோ என்றுதான் பயந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். இப்போது டேப்பின் ரெண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்தது, அவன் சரி என்று சொல்வதை நினைத்துத்தான் பயமாக இருந்தது.