சிவப்புப் பங்கு

பக்கத்தில் வந்து உட்காருங்கள், செல்லங்களா. எங்கள் யுன்னான் மலைச்சரிவில், பாசித் தொட்டிக்காரர்களிடையே நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும், வரட்டும்.

எங்கள் பாசி பச்சையாக வளரும். உரத்தை நிறுத்தி வெயிலில் வாடவிட்டால் சிவக்கும். சிவந்தால்தான் ஆலைக்காரர்கள் வாங்குவார்கள். யார் தொட்டி முதலில் சிவக்கிறதோ அவர் விருந்து வைத்து, அதிலிருந்து ஓர் அகப்பை மொண்டு உறவுக்காரர் தொட்டியில் ஊற்றுவார். அதைச் சிவப்புப் பங்கு என்போம்.

அந்த வருடம் தொட்டி பழுப்பானதுமே, சிவந்தாயிற்று என்று துவான் வென்ஹாய் முந்திக்கொண்டான். சேவல் அடித்தான், சோளச் சாராயம் திறந்தான். அவன் தங்கை சுய்லானுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. சிவப்பதற்கு முன் பாசி பழுப்பாவது வழக்கம்தான். ஆனால் அண்ணன் தொட்டியில் அது கட்டிகட்டியாக அடியில் படிந்திருந்தது. ஒரு சொட்டை எடுத்துப்போய் வீட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். பாசியின் மேல் பூஞ்சை ஒட்டிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாதி வெறும் கூடு. பூஞ்சையின் குஞ்சுகள் அடுத்த பாசியைத் தேடி நீந்தின.

அவள் ஓடி வருவதற்குள் வென்ஹாய் அகப்பையோடு அவள் தொட்டிக்கரையில் நின்றான். பின்னால் விருந்தாளிகள்.

"அண்ணே, அகப்பையக் கீழ வை. உன் தொட்டிய பூஞ்சை தின்னுது."

"பாத்தீங்களா, நான் முந்திட்டேன்னு இவளுக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். நீயே வந்து கண்ணாடில பாரு."

"பங்கு வேணாங்கிறவ எனக்குத் தங்கச்சியே இல்ல."

விருந்தாளிகளில் ஒருவரான அவர்கள் சித்தப்பா, சாராயத்தில் முகம் சிவந்து சிரித்தார். "ஒரு அகப்பைத் தண்ணிக்கா இந்தப் பாடு? வாங்கிக்கம்மா."

வென்ஹாய் ஊற்றிவிட்டான்.

சுய்லான் தொட்டியைப் பார்த்தாள். பளிச்சென்ற பச்சை. இதிலிருந்துதான் சரிவின் கீழே இருக்கும் வீடுகள் விதைப்பாசி எடுக்கும். இன்றைக்கு விட்டால் நாளைக்கு எல்லார் தொட்டியும் கூடுதான். அவள் தொட்டி கழுவ வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடர் மூட்டையை இழுத்து வந்து, வாயைக் கிழித்து, தன் தொட்டியிலேயே கவிழ்த்தாள். பச்சை வெளுத்தது. சித்தப்பா சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"என்னடி பண்ற? வருஷம் பூரா ஒழைச்சதுடி." வென்ஹாய் கத்தினான்.

"என் ஒழைப்புதானே. ஊத்துறப்ப அது ஒனக்குத் தெரியலியா?" அவள் காலி மூட்டையை அவன் காலடியில் எறிந்தாள். "இன்னொரு மூட்டை இருக்கு. அது ஒனக்கு. வந்து பாத்துட்டுக் கொட்றியா, பாக்காமலே நான் கொட்டவா?"

அவன் போனான். நுண்ணோக்கியின் மேல் குனிந்து வெறும் கூடுகளைப் பார்த்தான். பிறகு மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு தன் தொட்டிக்கு நடந்தான். அவள் கைகொடுக்கவில்லை. அடுத்த அறுவடை வரை அவனோடு பேசவும் இல்லை. யாராவது சமாதானம் சொல்ல வந்தால், "பூஞ்சைக்குக் கண்ணில்ல. இவனுக்கு இருந்துச்சே" என்பாள்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டுக்கு அன்போடு வருகிறவர்கள் கையையும் கழுவிக்கொண்டு வரட்டும். உங்கள் குடும்பம் தழைத்திருக்கட்டும்.