ஐந்து எண்ணும் வரை

அந்த ஒரு வாக்கியத்தை ரிட்சுகோ மூன்று நாளாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகியிருந்தாள். குத்தலாக இருக்கக் கூடாது. ரொம்ப அக்கறையாகவும் இருக்கக் கூடாது. போகிற போக்கில் கை தவறி விழுந்த மாதிரி இருக்க வேண்டும்.

இருவரும் வில்கூடத்தின் மரத்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மே மாதத்து மாலை. சுவரில்லாத பக்கம் முழுக்கப் புல்வெளி. அதற்கப்பால் இருபத்தெட்டு மீட்டரில் மணல்மேடு, அதில் வரிசையாகச் செருகிய கறுப்பு வெள்ளை வட்டங்கள். ஈரத்துணியில் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் வேலை அது. மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் மாயுகோ அதை விடவில்லை. அவள் விடாததால் ரிட்சுகோவும் ஓட வேண்டியிருந்தது.

"மாயு, உன்கிட்ட ஒன்னு கேக்கணும்டி."

"மத்தியானம் என் முட்டைச் சுருளை எடுத்துத் தின்னுட்ட. இனிமே என்கிட்ட ஒன்னும் இல்ல."

"அது இல்ல. கொஞ்ச நாளா நீ அம்பைச் சீக்கிரம் விடுறியோன்னு..."

மாயுகோவின் துணி பாதித் தரையில் நின்றது.

"நானா?"

"எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ. விடு."

அவ்வளவுதான். ரிட்சுகோ வாளியில் துணியைப் பிழிந்தாள்.

மாயுகோ சீக்கிரம் விடுகிறவள் அல்ல. அந்தப் பள்ளியில் அவளைப் போல வில்லைப் பிடித்து நிற்க யாராலும் முடியாது. நாணை இழுத்து, அம்பு உதட்டுக்கு நேராக இறங்கிக் கன்னத்தைத் தொட்டதும் அப்படியே நின்றுவிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு அவள் விடுகிற மாதிரியே இருக்காது. பழுத்தது தானாகக் காம்பை விட்டுக் கழன்ற மாதிரி அம்பு போகும். எண்ணியதெல்லாம் பார்த்தவர்கள்தான். மாயுகோ ஒரு நாளும் எண்ணியதில்லை.

ஜூன் முதல் ஞாயிறு மாகாணப் போட்டி. ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நான்கு இடங்கள் முடிவாகிவிட்டன. ஐந்தாவது இடம், கடைசி வில், மாயுகோவுடையது. ரிட்சுகோ ஆறாவது. இரண்டு வருடமாக ஆறாவது. ஆறாவதாக இருப்பவளும் அதே கறுப்புக் கால்சட்டைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அதே வெள்ளைக் காலுறையைப் போட்டுக்கொண்டு, பார்லி தேநீர்க் குடுவையைச் சுமந்து போய்ச் சுவரோரம் முட்டி மடக்கி உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு இந்தப் போட்டியோடு வில் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து நுழைவுத்தேர்வுப் படிப்பு. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ரிட்சுகோ அந்தக் கோட்டில் நின்றுவிட வேண்டும்.

அம்பைச் சீக்கிரம் விட்டுவிடும் அந்த நோய்க்கு ஹயாகே என்று பெயர். வில்கூடத்தில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அது' என்பார்கள். வில்லை முழுக்க இழுத்து நிற்க முடியாது. மனசு சரியென்று சொல்லுமுன் விரல் விட்டுவிடும். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. வெறும் கையை நீட்டச் சொன்னால் அரைமணி நேரம் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கையில் வில் வந்தால் முடியாது. எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வருமோ என்று எவள் தன்னையே கவனிக்க ஆரம்பிக்கிறாளோ அவளுக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மாயுகோ மூன்று எண்ணும்போது விட்டாள். அம்பு இலக்கில்தான் பட்டது. ஆனால் திரும்பி ரிட்சுகோவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் ரிட்சுகோவுக்கு வயிற்றுக்குள் ஏதோ இதமாக இறங்கியது.

நான்காம் நாள் அம்பு கன்னத்துக்கே வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே நாண் கழன்று, கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு மாயுகோதான் முதலில் சிரித்தாள்.

"கொசுடி. பெரிய கொசு."

அன்று எல்லோரும் போன பிறகு அவள் ரிட்சுகோவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னது சரிதான் ரிட்சு. நீ மட்டும் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எனக்கு ஒரு உதவி பண்றியா? பின்னாடி நின்னு எண்ணு. அஞ்சு வரைக்கும் எண்ணு. நீ எண்ணினா நான் நிப்பேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். 'நான் சும்மா சொன்னேன்டி, உனக்கு ஒன்னுமில்ல' என்றும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது போதுமாக இருந்திருக்கும். ரிட்சுகோ அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஒன்னு," என்றாள். இரண்டாவது எண்ணுக்கு முன் ஒரு மூச்சு இழுத்து விட்டாள். மிக மெல்லிய இடைவெளிதான், கடிகாரம் வைத்துப் பார்த்தாலொழியத் தெரியாது. "ரெண்டு." அதற்குள் அம்பு போய்விட்டது.

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான்."

"இன்னொரு தடவை."

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். நாளுக்கு நாள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலிருந்த தூரம் நீண்டது. முன்னால் மாயுகோவின் பின்னங்கழுத்தில் வேர்வை பூத்து, தோள்பட்டை குளிரில் விறைத்த நாய்க்குட்டியைப் போல உதறும். தன் குரல்தான் அந்தத் தோளை உதற வைக்கிறது என்று ரிட்சுகோவுக்குத் தெரிந்தது. எண்ணி முடித்ததும் மாயுகோ ஒவ்வொரு தடவையும் குனிந்து வணங்கி நன்றி சொன்னாள்.

தகேஹாரா சார் வேதியியல் வாத்தியார். இளமையில் பெரிய வில்லாளி, வில்கூடமும் அவர் பொறுப்பில். அவர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு ஒரு நாள் மாயுகோவின் தோளில் விரலால் தட்டினார்.

"நீ வைக்கோல் கட்டுக்குப் போம்மா."

"சார், இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

வைக்கோல் கட்டு கூடத்தின் மூலையில் இருந்தது. புதுப்பிள்ளைகள் இரண்டு எட்டுத் தூரத்தில் நின்று அதில் அம்பு விட்டுப் பழகுவார்கள். தவறவே முடியாத இலக்கு. ஏப்ரலில் சேர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் மாயுகோ கடைசியில் போய் நின்றாள். அங்கேயும் விரல் நிற்கவில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள்: "தள்ளி நில்லுடி, ஒட்டிக்கப்போகுது." இருவரும் கையுறைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாயுகோவுக்குக் கேட்டது. கேட்காதவளைப் போலக் குனிந்து அம்பை உருவினாள்.

சனிக்கிழமை ஐந்தாவது இடத்துக்கான தேர்வு. ஆளுக்கு இருபது அம்பு. ரிட்சுகோவுக்குப் பதிமூன்று, மாயுகோவுக்கு ஆறு. தகேஹாரா சார் தூரிகையால் பெயர்களை எழுதிச் சுவரில் மாட்டினார். ஐந்தாவது பெயர் இன்னும் ஈரமாக இருக்கும்போதே மாயுகோ ஓடி வந்து ரிட்சுகோவைக் கட்டிக்கொண்டாள்.

"நீ நில்லு. எனக்கு அது போதும்," என்றாள். கன்னத்துக் கோடு ஆறிப் பழுப்பாகியிருந்தது.

போட்டி நாளில் மழை இல்லை. காலையில் ரிட்சுகோ கோட்டில் நின்றாள். இத்தனை வருடம் சுவரோரமிருந்து பார்த்த இடம். நிற்கும்போது அது அகலமாகவும் அமைதியாகவும் இருந்தது. நான்கு அம்பில் மூன்று பட்டது. அணி அரையிறுதியும் தாண்டியது. மத்தியானம் இறுதிப் போட்டி. அதில் ஜெயித்தால் ஆகஸ்டில் தேசியப் போட்டி. அதுவரை வில்லைக் கீழே வைக்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரம். கட்டடத்தின் பின்பக்க நிழலில் நீலப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாயுகோ எல்லோருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு ரிட்சுகோவின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். சோற்று உருண்டையைச் சுற்றியிருந்த கடற்பாசியைக் கவனமாகப் பிரித்தாள்.

"கொஹாருகிட்ட சொல்லிட்டேன்டி."

கொஹாரு இரண்டாம் ஆண்டு, நான்காவது வில். நான்கு அம்பில் எப்போதும் மூன்று நிச்சயம்.

"என்ன சொன்ன?"

"கொஞ்சம் சீக்கிரம் விடுற மாதிரி இருக்குன்னு. காலையில எனக்கு அப்படித் தோணிச்சு. எனக்கு யாராச்சும் இன்னும் முன்னாடியே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்ல? நீ எனக்குச் சொன்ன மாதிரியே, பக்குவமாச் சொன்னேன்."

ரிட்சுகோ அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு சோற்றுப் பருக்கை உதட்டோரம் ஒட்டியிருந்தது. கண்கள் எப்போதும் போலத் தெளிவாக இருந்தன. வன்மம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பாயின் அந்தக் கோடியில் கொஹாரு சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இடது கையை நீட்டி, வலது கையை இல்லாத நாணோடு கன்னத்துக்கு இழுத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் இருந்தது. ரிட்சுகோ எழுந்து போய் அவள் எதிரில் குந்தினாள்.

"அக்கா," என்று கொஹாரு ஆவலாக நிமிர்ந்தாள். "நீங்க எனக்குப் பின்னாடிதானே நிக்கிறீங்க. நீங்க பார்த்தீங்களா? நான் சீக்கிரம் விடுறேனா?"

இல்லை என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டாள். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பாள். ஒரு வார்த்தைதான் அவளைக் குணப்படுத்தும்: 'மாயுவுக்கும் முதல்ல அது இல்ல. நான்தான் பொய் சொல்லி வரவழைச்சேன். இது வெறும் சொல்லுடி, வேற ஒன்னுமே இல்ல.' சொன்னால் கொஹாரு பிழைத்துக்கொள்வாள். அணி ஒருவேளை ஜெயிக்கும். ஆனால் கடைசி இடத்தில் நிற்பது ரிட்சுகோவாக இருக்காது. தகேஹாரா சார் நாலு எட்டுத் தள்ளி நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மாயுகோ குடுவையை மூடிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்.

"அதையெல்லாம் யோசிக்காத," என்றாள் ரிட்சுகோ. "நல்லாச் சாப்பிடு."

கொஹாருவின் முகம் வெளுத்தது. அக்கா இல்லையென்று சொல்லவில்லை.

எதிரணி முதலில் நின்றது. இருபது அம்பில் பதினான்கு.

வரிசையில் கடைசியாக நிற்பவளுக்கு முன்னால் தெரிவது நான்காமவளின் முதுகு மட்டும்தான். கொஹாரு வில்லைத் தூக்கினாள். இழுத்தாள். ரிட்சுகோ தன்னையறியாமல் மனசுக்குள் 'ஒன்னு' என்றாள். அம்பு போய்விட்டது. புல்லில் விழுந்து சறுக்கிய சத்தம் கேட்டது. இரண்டாவது மணலில். மூன்றாவது பக்கத்து இலக்கின் சட்டத்தில் பட்டு நின்றது. நான்காவதை இழுக்கும்போது அவள் தோள் உதறியது. அந்த உதறல் ரிட்சுகோவுக்கு நன்றாகப் பழக்கமானது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

ரிட்சுகோவின் நான்கும் பட்டன. கடைசி அம்பை அவள் நீண்ட நேரம் பிடித்து நின்றாள். இலக்கின் வெள்ளை வட்டம் அருகில் வந்து, பெரிதாகி, கண்ணை நிறைத்தது. ஒரு நடுக்கமும் இல்லை. விரல் கழன்றது அவளுக்கே தெரியவில்லை. இலக்கின் தாள் கிழிகிற அந்தச் சின்னச் சத்தம் வந்ததும் "யோஷி!" என்று பள்ளியே வாழ்த்திக் கத்தியது. மற்றவர்களை விட ஒரு நொடி முந்தி, சுவரோரத்திலிருந்து, மாயுகோவின் குரல்.

மொத்தம் பதிமூன்று. ஒன்று குறைவு.

வெளியே, வில்லைத் துணிப்பைக்குள் போடும் இடத்தில், தகேஹாரா சார் ரிட்சுகோவுக்குக் குனிந்து தலை வணங்கினார். மாணவிக்கு அவர் வணங்கி யாரும் பார்த்ததில்லை. "இன்னிக்கு முழுசா வில் பிடிச்சது நீ ஒருத்திதாம்மா," என்றார்.

கொஹாரு சரளைக்கற்களில் மண்டியிட்டிருந்தாள். மூன்றாம் ஆண்டு அக்காக்களின் கடைசிக் கோடையைக் கெடுத்த இரண்டாம் ஆண்டுப் பெண் வேறென்ன செய்வாள்? ஒவ்வொருத்தியிடமும் முட்டியாலேயே நகர்ந்து போய் நெற்றியைக் கல்லில் வைத்தாள். மற்றவர்கள் அழுதுகொண்டே தூக்கிவிட்டார்கள். மாயுகோ அவளைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவி, "உன் தப்பு இல்லடி, இது ஒரு நோய், யாருக்கு வேணா வரும்," என்றாள். கடைசியாகக் கொஹாரு ரிட்சுகோவிடம் வந்தாள். அவளிடம்தான் அதிக நேரம் குனிந்திருந்தாள்.

"அக்கா, நாலும் அடிச்சீங்க. நாலும்... எல்லாத்தையும் நான் பாழாக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்கக்கா."

எல்லோரும் ரிட்சுகோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த சின்னக் கல் ஒன்றை விரலால் தட்டிவிட்டாள்.

"எழுந்திரு," என்றாள். "உன்னை மன்னிச்சிட்டேன்."