கை போகாத இடம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஜெரால்ட் கைலிக்கு மாறி, காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்தார். ஏசி காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டார் நின்றுபோயிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றுவிட்டார்கள். அவர் மனைவி ஹெப்சிபாவுக்கோ மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கீமோ. மருந்து ஏறிய உடம்போடு சித்திரை வெயிலில் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் வீடு வரை அவளை வேகவைத்துக் கூட்டிவர அவருக்கு மனமில்லை. புது மோட்டாரை வாங்கிவந்து தானே இறங்கிவிட்டார்.

பழைய மோட்டாரைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று மட்டும் வரவில்லை. தகரத்துக்கும் ஒரு குழாய்க்கும் நடுவே, உள்ளே தள்ளி இருந்தது. மணிக்கட்டுக்கு மேல் கை போகவில்லை. வலிந்து நுழைத்ததில் புறங்கைத் தோல் உரிந்தது.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்."

ஹெப்சிபா தலையணையோடு நின்றிருந்தாள்.

"நீ எதுக்கு வந்த? தகரம் கீறிட்டா லேசுல ஆறாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"கீறாம ஏதாச்சும் பண்ணுங்க. மூணு மாசமா படுத்துத்தான கெடக்கேன்."

அவர் தகர விளிம்பில் டேப் ஒட்டினார். அவள் தலையணையைத் தரையில் போட்டு உட்கார்ந்து வளையலைக் கழற்றினாள். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்கை வரை எங்கும் இடிக்காமல் அவள் கை உள்ளே போனது. டார்ச்சைப் பிடித்திருந்த ஜெரால்ட் அதைப் பார்த்தார். ஊசி ஏறும் இடத்தை மட்டுமே இத்தனை நாள் பார்த்திருந்தார். கை முழுக்க எலும்பாக இருந்தது.

"எளைச்சதுக்கு இதாச்சும் ஆச்சு."

"அப்படிப் பேசாத."

"வேற எப்படிப் பேச? நீங்க வாயே தெறக்க மாட்டேங்கிறீங்க. ஜெபம் பண்ணுறீங்க, மாத்திரை எடுத்துத் தாரீங்க. அம்புட்டுத்தான்."

சீட்டில் கன்னத்தைச் சாய்த்து, முகத்தை அந்தப்பக்கம் திருப்பியபடி, விரல்களால் துழாவிக்கொண்டே சொன்னாள். ஜெரால்ட் டார்ச்சை அவள் விரல் போன பக்கம் திருப்பினார்.

"பயமா இருக்கு ஹெப்சி."

"எனக்கும்தான்." விரலை இன்னும் உள்ளே நீட்டி, "அந்தச் சின்ன ஸ்பேனரைக் குடுங்க. தட்டுப்படுது" என்றாள்.

கால் சுற்று திருப்புவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி திருப்புவாள். போதும் என்று அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. கடைசியில் போல்ட் அவள் உள்ளங்கையில் விழுந்தது. புது மோட்டாரை அவர் தூக்கிப் பிடிக்க, அவளே முடுக்கினாள். சாவியைத் திருப்பியதும் முதலில் தூசி பறந்தது. பிறகு காற்று வந்தது. அவள் இருமிவிட்டு, சீட்டில் ஏறி, கண்ணை மூடி அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

ஜெரால்ட் கதவோரம் தரையில் உட்கார்ந்தார்.

"பெர்சிக்கிட்ட சொல்லிரணும்."

பெர்சி அவர்கள் மகள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். அம்மாவுக்கு அல்சர் என்றுதான் அவளுக்குத் தெரியும். பரீட்சை முடியட்டும் என்று மறைத்து வைத்தது ஜெரால்ட்தான்.

"நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது, பெர்சி எடுக்கவில்லை. அவர் மறுபடியும் போட்டார்.